ஐந்தில் வளைப்பது எதை?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் பழமொழியைக் கேளாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. கல்வியையும் நல்லொழுக்கத்தையும் இளமையிலேயே ஊட்ட வேண்டும் என்பதற்காக முன்னோர் சொல்லிவைத்த மொழி அது. ஆனால் தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களிலும் அதே பழமொழி வேறொரு பொருளில் ஒலிப்பதைக் கேட்கிறோம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் இளந்தாயிடம், "இப்போதே வளைத்தால்தான் உண்டு, ஐந்து வயதுக்குமேல் ஒன்றும் நடக்காது" என்று சொல்லப்படுகிறது. உறவினர் சொல்கின்றனர்; அண்டை வீட்டார் சொல்கின்றனர்; சில வேளைகளில் சிகிச்சை அளிப்போரும் சொல்கின்றனர். அறிவையும் பழக்கத்தையும் குறித்துச் சொல்லப்பட்ட சொல், குழந்தையின் கையையும் காலையும் பிடித்து வளைக்கும் கட்டளையாக மாறிவிடுகிறது.

இச்சொல்லில் பாதி உண்மை, மறுபாதி பெருந்தீங்கு. முதல் ஐந்து ஆண்டுகள் ஈடு செய்ய முடியாதவை என்பது உண்மை. அந்த ஆண்டுகளைப் பிறர் கையால் உடலை இழுத்து நிமிர்த்துவதிலேயே கழிக்க வேண்டும் என்பது தவறு. இத்தவற்றால் குழந்தைகள் இழப்பது பணத்தை மட்டுமன்று. திரும்பி வராத குழந்தைப் பருவத்தையே இழக்கின்றனர். ஆகவே இதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

மூளை முடக்குவாதம் தொற்றுநோயன்று. முன்னோர் செய்த பாவத்தின் சம்பளமுமன்று. கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ, வளர்ந்துவரும் மூளைக்கு நேரும் பாதிப்பால் அசைவும் உடலின் நிலைப்பாடும் தடுமாறுவதே அது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள்காமாலை, நோய்த்தொற்று எனக் காரணங்கள் பல. மூளையில் நேர்ந்த பாதிப்பு நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆயினும் அதன் விளைவாகத் தசைகள் இறுகுவதும் மூட்டுகள் விலகுவதும் குழந்தை வளர வளரக் கூடக்கூடும். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ இருவர் அல்லது மூவருக்கு இந்நிலை உண்டு. அப்படியாயின் மக்கள் நெருங்கி வாழும் இப்புறநகர்களில் எத்தனை வீடுகள் இக்கவலையைச் சுமக்கின்றன என்பதை எவரும் ஊகிக்கலாம். ஆனால் அக்குழந்தைகளைத் தெருவில் காண்கிறோமா? பள்ளியில் காண்கிறோமா? பெரும்பாலும் அவர்களை நாம் காண்பது, மின்தொடர்வண்டியில் தாயின் மடியில், சிகிச்சைக்குச் செல்லும் வழியில்தான்.

முடிச்சூரிலோ கூடுவாஞ்சேரியிலோ வாழும் ஒரு தாயின் வாரத்தை எண்ணிப் பார்ப்போம். எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை, கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், தரமணியிலும் கோட்டூர்புரத்திலும் தொண்டு அமைப்புகள் என உதவி கிடைக்கும் இடங்கள் பல உள்ளன. அவற்றின் பணியை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் தொடர்வண்டியும் பேருந்தும் மாறி அங்கே சென்று, காத்திருந்து, அரைமணி நேரப் பயிற்சி பெற்று வீடு திரும்ப ஒரு நாள் கழிந்துவிடுகிறது. வாரத்திற்கு இருமுறை சென்றாலும் கிடைப்பது ஒரு மணி நேரப் பயிற்சி. குழந்தை நாளொன்றுக்கு 12 மணி நேரம் விழித்திருப்பதாகக் கொண்டால் வாரத்திற்கு 84 மணி நேரம் ஆகிறது. அந்த 84இல் ஒன்றைத்தான் நாம் சிகிச்சை என்கிறோம். எஞ்சிய 83 மணி நேரம் குழந்தை பாயில் கிடக்கிறது. அல்லது இடுப்பில் தொங்குகிறது. குறை எங்கே இருக்கிறது என்பதை இக்கணக்கே காட்டிவிடும்.

இயன்முறைச் சிகிச்சையின் வரலாற்றைச் சற்றே நோக்குவது நன்று. ஒரு காலத்தில் இக்குழந்தைகளுக்கு இரும்புக் கட்டுகளும் அறுவைச் சிகிச்சையுமே கதியாக இருந்தன. நாஜிக் கொடுமைக்குத் தப்பி லண்டனில் குடியேறிய பெர்ட்டா போபாத் அம்மையாரும் அவர்தம் கணவர் மருத்துவர் கரேல் போபாத்தும் 1940களில் வேறொரு வழியைக் கண்டனர். இறுகிய தசையைத் தேர்ந்த கைகளால் தளர்த்தி, இயல்பான அசைவைத் தூண்டினால் மூளை அதைக் கற்றுக்கொள்ளும் என்று அவர்கள் நம்பினர். ஏறத்தாழ அதே காலத்தில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அந்திராஸ் பெட்டோ என்பவர், இக்குழந்தைகள் நோயாளிகள் அல்லர், மாணவர்கள் என்று கருதி, அவர்களைக் குழுவாகச் சேர்த்து அன்றாடச் செயல்களைக் கற்பித்தார். இருவழியினரும் தம் காலத்தில் பெருந்தொண்டு ஆற்றியவர்களே. எவரும் தொட அஞ்சிய குழந்தைகளை அவர்கள் தொட்டார்கள். அதற்கு உலகம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் நன்றி வேறு, ஆராய்ச்சி வேறு. 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் அவர்தம் குழுவினரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, ஒவ்வொரு சிகிச்சை முறைக்கும் போக்குவரத்து விளக்கைப்போல் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் கொடுத்தனர். 2020இல் அத்தொகுப்பைப் புதுப்பித்தனர். முடிவு பலருக்குக் கசப்பாக இருந்தது. குழந்தை செயலற்றுக் கிடக்க, சிகிச்சையாளரின் கைகளே அசைவைத் தூண்டும் பழைய போபாத் முறை பச்சை விளக்கைப் பெறவில்லை. கையால் தசையை இழுத்துவிடுவது மட்டுமே நீடித்த பயன் தருவதில்லை என்பதும் தெளிவாயிற்று. பச்சை விளக்கைப் பெற்றவை வேறு: குழந்தை தானே முயன்று செய்யும் பயிற்சிகள், ஓர் இலக்கை முன்வைத்து அந்தச் செயலையே திரும்பத் திரும்பப் பழகுதல், ஒரு கை மட்டும் வலுவிழந்த குழந்தைக்கு நல்ல கையைச் சில மணி நேரம் உறையிட்டு வைத்து மற்றக் கையை வேலை வாங்குதல், இரு கைகளையும் சேர்த்துப் பழக்குதல், முறையான வழிகாட்டுதலோடு வீட்டிலேயே நடக்கும் பயிற்சி.

இவற்றின் பொதுத்தன்மை என்ன? எல்லாவற்றிலும் எழுவாய் குழந்தையே; செயப்படுபொருள் அன்று. சோறு உண்ணக் கற்க வேண்டுமாயின் உண்மையான தட்டில் உண்மையான சோற்றை எடுத்துப் பழக வேண்டும். மேசைமேல் கிடத்தி முழங்கையை நூறு முறை மடக்கி நீட்டினால் முழங்கைதான் மடங்கி நீளும். குழந்தை உண்ணக் கற்காது. நம் பாட்டிமார் அறிந்த உண்மை இது. குழந்தைக்கு நடை பழக்க அவர்கள் காலைப் பிடித்து இழுக்கவில்லை. நடைவண்டியைக் கையில் கொடுத்து, எட்டத்தில் ஒரு பொம்மையை வைத்தார்கள்.

இங்கே சிலர் சினந்து கேட்கலாம்: "அப்படியானால் இயன்முறை மருத்துவரே வேண்டாம் என்கிறீர்களா?" அவ்வாறு நாம் சொல்லவில்லை. இன்னும் அதிகமாக வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் வேறு பணிக்காக வேண்டும். குழந்தையால் இன்று எது முடியும், அடுத்து எதை அடையலாம், அதற்கு எந்த நாற்காலி, எந்தக் கால்தாங்கி, எந்த விளையாட்டு உதவும் என்று கண்டறிந்து குடும்பத்திற்குக் கற்பிப்பவர் அவரே. தசை மிக இறுகியிருந்தால் பொட்டுலினம் ஊசியோ அறுவைச் சிகிச்சையோ தேவையா என்று மருத்துவரிடம் அனுப்புபவரும் அவரே. கை வைத்தியராக இருந்தவர் ஆசிரியராக வேண்டும் என்பதே நம் வாதம்.

"எல்லாவற்றையும் தாயின் தலையில் கட்டுகிறீர்களே" என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. சமைத்து, துவைத்து, வேலைக்கும் சென்று வரும் பெண்ணிடம் நாள்தோறும் இரண்டு மணி நேரப் பயிற்சிப் பட்டியலை நீட்டுவது கொடுமை. வீட்டுப் பயிற்சி என்பது இன்னொரு வேலையாக இருத்தலாகாது. குளிப்பாட்டும்போது குழந்தை தானே கம்பியைப் பிடித்து நிற்பது, சட்டையில் கையைத் தானே நுழைப்பது, அக்காளோடு பந்து உருட்டுவது, கடைக்குப் போகும்போது முதுகு நிமிர்ந்து சக்கர நாற்காலியில் அமர்வது ஆகியவையே பயிற்சி. தந்தைக்கும் தாத்தாவுக்கும் இதில் பங்கு உண்டு. தாயை மட்டும் செவிலியாக்கிவிட்டு மற்றவர்கள் அனுதாபத்தோடு ஒதுங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மருத்துவக் கூடத்தில் மட்டுமே நடக்கும் என்று எண்ணப்பட்ட சிகிச்சை வீட்டிற்கு இடம்பெயர்ந்த வரலாறு நம் ஊருக்குப் புதிதன்று. தாம்பரத்தில் ஒரு தொடர்வண்டி நிலையத்திற்கே 'சானடோரியம்' என்று பெயர். 1928இல் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் நினைவு அது. காசநோயாளி வீட்டைவிட்டு நீங்கி, நல்ல காற்றும் ஓய்வும் நல்ல உணவும் பெற்றால்தான் பிழைப்பார் என்று உலகெங்கும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அந்நம்பிக்கையைச் சோதித்தது. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மறுபகுதியினரைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தனர். வீட்டில் இருந்தோர் பெற்ற பலன் ஏறத்தாழ மற்றவர்களுக்கு நிகராக இருந்தது என்று 1959இல் வெளியான அறிக்கை காட்டியது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மாறுவதற்கு அது வழிகோலியது. மாத்திரையும் பயிற்சியும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆனால் 'கூடத்திற்கு வந்தால்தான் குணம்' என்னும் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் துணிவு இம்மண்ணுக்கு உண்டு என்பதற்கு அது சான்று.

இனி, பெற்றோர் நெஞ்சை அரிக்கும் கேள்விக்கு வருவோம். "என் பிள்ளை நடப்பானா?" இக்கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல முடியும், அதைச் சொல்லாமல் ஆண்டுக்கணக்காக நம்பிக்கையை விற்பதுதான் இன்று நடக்கும் பெருங்குற்றம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இக்குழந்தைகளின் அசைவுத்திறனை ஐந்து நிலைகளாக வகுத்தனர். முதல் நிலையினர் தடையின்றி நடப்பர்; மூன்றாம் நிலையினர் கையில் பிடிக்கும் துணைக்கருவியோடு நடப்பர்; ஐந்தாம் நிலையினரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திப் பிறர் அழைத்துச் செல்ல வேண்டும். 2002இல் 657 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, அவர்கள் தம்மால் இயலும் அசைவுத்திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஐந்து வயதை ஒட்டியோ அதற்கு முன்னரோ எட்டிவிடுகின்றனர் என்று காட்டியது. கடும் பாதிப்புள்ளோர் மூன்று வயதிற்குள்ளாகவே எட்டிவிடுகின்றனர்.

பழமொழியின் உண்மையான பாதி இதுதான். ஆகவே பிறந்த ஆறு மாதத்திற்குள்ளேயே குறையைக் கண்டறியத் தக்க சோதனைகளைப் பயன்படுத்த வேண்டும். "பொறுத்துப் பாருங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லிக் காலத்தைக் கடத்தலாகாது. அதே உண்மை இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்தாம் நிலையில் உள்ள பத்து வயதுச் சிறுமியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, நகையை அடகு வைத்து, ஊர் ஊராகக் கொண்டுசென்று நடக்க வைக்க முயல்வது அன்பன்று. அவளுடைய நாட்களைக் களவாடுவதாகும். 'நடக்க வைக்கிறோம்' என்று உறுதி கூறி மொத்தமாகப் பணம் பெறுவோரிடம் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "என் குழந்தை எந்த நிலையில் உள்ளது?" என்பதே. அதற்கு விடை சொல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

குருத்தணுச் சிகிச்சை என்றும், அழுத்தக் கூண்டில் பிராணவாயு என்றும் புதிய பெயர்களில் வலை விரிப்போரும் உளர். நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்றுச் சிகிச்சை தவிர, ஏனையவற்றுக்குக் குருத்தணுவை வழக்கமான சிகிச்சையாக வழங்க இடமில்லை. பிராணவாயுக் கூண்டைப் பற்றிய கனடிய ஆய்வு 2001இல் வெளியானது. 111 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மிகுந்த அழுத்தத்தில் பிராணவாயுவும் மறுபிரிவினருக்குச் சற்றே அழுத்தப்பட்ட வெறுங்காற்றும் கொடுத்தனர். இரு பிரிவினரும் ஒரே அளவில் முன்னேறினர்! விலையுயர்ந்த சிகிச்சைக்குப்பின் காணும் முன்னேற்றமெல்லாம் அச்சிகிச்சையால் விளைந்ததாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

நடைக்காக இவ்வளவு தவிக்கும் நாம் கவனியாது விடும் ஒன்று உண்டு. இக்குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு இது நேர்கிறது. தொடக்கத்தில் வலி இராது. பிற்காலத்தில் உட்காரவும் உறங்கவும் விடாது. உரிய காலங்களில் ஓர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் முன்னதாகவே அறியலாம். மூட்டைப் படமெடுத்துப் பார்க்காமல் காலை மட்டும் இழுத்துக்கொண்டிருப்பது என்ன மருத்துவம்?

அரசின் கடமையையும் சொல்லியாக வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ளிட்டோரின் நலனுக்காக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்வழி 'நிராமயா' காப்பீட்டில் ரூ.1 லட்சம் வரை உதவி பெறலாம் என்பதை நம் பெற்றோரில் எத்தனை பேர் அறிவர்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. நல்லதே. ஆனால் விலைமதிப்பற்ற ஆண்டுகள் ஆறுக்கு முன்னரே கழிந்துவிடுகின்றனவே! தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. அதற்கு 70 வார்டுகள் உள்ளன. அங்கன்வாடிக்கு வாரம் ஒருமுறை ஓர் இயன்முறை மருத்துவர் வந்தால் தாய்மாரின் அலைச்சல் பெரிதும் குறையுமே. வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிக்க இயலும் என்பதை 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' காட்டியிருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களைக் கிராம வீடுகளுக்கே அனுப்பிக் குடும்பத்தோடு சேர்ந்து குழந்தைகளைப் பழக்குகிறது. ஆய்க்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் இயல்வது தாம்பரத்தில் இயலாதா?

இறுதியாக, நடை எதற்காக என்று கேட்போம். 2012இல் ஜீஜா கோஷ் என்னும் பெண்மணி கொல்கத்தாவில் விமானத்தில் ஏறி அமர்ந்த பின்னர் கீழே இறக்கப்பட்டார். அவருக்கு மூளை முடக்குவாதம் உண்டு. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கருத்தரங்கிற்கே அவர் சென்றுகொண்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 2016இல் அவருக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவரைத் தடுத்தது அவருடைய கால்களா, பிறருடைய கண்களா? கோட்டூர்புரத்து வித்யாசாகரை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜன், இந்நிலையுள்ள ஒரு மகனின் தாய். சிகிச்சையோடு கல்வியையும், பேச முடியாதவருக்கு மாற்று வழியில் பேச்சையும், சட்ட உரிமையையும் சேர்த்தே அந்நிறுவனம் வளர்த்தது. நடக்காதவரும் கற்கலாம், பேசாதவரும் கருத்துரைக்கலாம் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

நம் பங்குகளும் இதற்கு விலக்கல்ல. ஆலய வாசலின் ஐந்து படிகளில் ஏற முடியாமல், தாழ்வாரத்தில் தாயின் மடியிலேயே திருப்பலியைக் கண்டு வளரும் குழந்தைகள் உளர். அவர்களுக்காக மன்றாடுகிறோம், ஒரு சாய்தளம் கட்டுவதில்லை. "பாவம்" என்கிறோம், மறைக்கல்வி வகுப்பில் இடம் தருவதில்லை. அன்பியக் கூட்டம் அவ்வீட்டில் நடந்தால், அக்குழந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தால், விடுமுறையில் இளைஞர் இருவர் சென்று அதனோடு விளையாடினால், அதுவும் சிகிச்சையே. அதற்குக் கட்டணமும் இல்லை.

குழந்தை வளர வேண்டும். அதற்கு வழி காட்டும் கைகள் வேண்டும். வலுவில் வளைக்கும் கைகள் வேண்டாம். வளைய வேண்டியவை வேறு உள்ளன: படிகளை மட்டுமே கட்டத் தெரிந்த நம் கட்டடங்கள், சேர்க்கையை மறுக்கும் பள்ளிகள், நடக்காதவனுக்கு வாழ்வே இல்லை என்று தீர்ப்பிடும் நம் மனங்கள். இவை ஐந்திலும் வளையவில்லை, ஐம்பதிலும் வளையவில்லை. இனியேனும் வளையட்டும்.